பதினேழாம் இலக்கச் செடி

ஜனவரி 15

கொம்பனிப் பதிவேட்டில் செடிகளுக்கு இடம் இருக்கிறது: எத்தனை தண்டு வெட்டினேன், எத்தனை வேர்விட்டது, காற்றில் ஈரம் எவ்வளவு. ஆட்களைப் பற்றி எழுத ஒரு கட்டம்கூட இல்லை. அதனால் இந்தக் கொப்பி.

இந்த லெமிங்டன் ஊரில் இதே கண்ணாடிக் கூடங்களில் பன்னிரண்டு வருடம் தக்காளி வளர்த்தவள் நான். இந்த நாட்டில் கஞ்சா சட்டப்படியான பயிரானதும் முதலாளி தக்காளியைப் பிடுங்கி எறிந்துவிட்டு உரிமம் எடுத்தார். எனக்குத் தாய்ச்செடி அறையைத் தந்தார்கள். இங்கிருந்து போகிற பூவெல்லாம் அந்தத் தாய்களிலிருந்து நான் வெட்டி வேர்விடவைக்கும் தண்டுகளில்தான் பூக்கிறது. ஊரில், அளவெட்டியில் இருக்கும் என் மச்சாளைப் பொறுத்தவரை நான் இன்னும் தக்காளிதான் வளர்க்கிறேன்.

இன்று பெரிய கூட்டம். மயூரதி திரையில் படம் போட்டுப் பேசினாள். வயது முப்பத்தொன்று, வெள்ளவத்தைப் பிள்ளை, கலப்பினம் உருவாக்குவதற்கென்றே பட்டம் படித்தவள், இங்கே சேர்ந்து ஒன்றரை வருடம். படத்தில் இருந்தது பதினேழாம் இலக்கம்.

அதன் குணங்களை அவள் அழகாகத்தான் சொன்னாள். தாய் குட்டை, அகன்ற இலை, பூ நெருக்கமாக வரும், ஆனால் மணமில்லை. தகப்பன் நெட்டை, ஒடுங்கிய இலை, நல்ல மணம், ஆனால் பூ முற்றப் பன்னிரண்டு கிழமை எடுக்கும். பிள்ளை இரண்டு பேரிலும் நல்லதை மட்டும் எடுத்திருக்கிறது: இடுப்பளவு உயரம், ஒன்பது கிழமையில் பூ, கிள்ளினால் தோடம்பழத் தோல் மணம், அதற்குப் பின்னால் கொஞ்சம் மண்ணெண்ணெய். எல்லோரும் சிரித்தார்கள். மண்ணெண்ணெய் என்று முதன்முதலில் சொன்னது நான்.

"யார் தெரிவு செய்தது?" என்று மனேஜர் டிர்க் கேட்டார்.

"எங்கள் குழு" என்றாள்.

குழு! அறுபது நாற்றில் பதினேழாவது முதல் இலையே முறுகி முளைத்தது. எறியச் சொல்லிச் சிவப்பு நாடா கட்டியவள் அவள். எறியாமல் ஒன்பது நாள் மற்றத் தட்டுகளுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தவள் நான். நிமிர்ந்தபிறகு கொண்டுபோய்க் காட்டியதும் நான்.

கூட்டத்தில் வந்து நீங்களும் பேசுங்கோ என்று அவள் என்னை இரண்டு தரம் கேட்டது உண்மைதான். என் இங்கிலிசைப் பத்தொன்பது பேருக்கு முன்னால் கடை விரிக்க எனக்கு விருப்பமில்லை. அது வேறு விஷயம்.

எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. நடந்ததை எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜனவரி 19

பதினேழில் நாற்பது தண்டு வெட்டினேன். வெட்டிய வாயில் மருந்து தொட்டு, தட்டில் குத்தி, மூடி போட்டு முடிக்கப் பதினொரு மணி. மயூரதி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்ரி, நீங்கள் வெட்டினால் ஒண்டும் வாடுறேல்லை. நான் வெட்டினதிலை பாதி படுத்திட்டுது. என்ன செய்யிறியள்?"

"கத்தி கூரா இருக்கவேணும் பிள்ளை."

கத்தி மட்டும் போதாது. அவ்வளவுதான் சொன்னேன். மிச்சம் அவள் படித்த புத்தகத்தில் இருக்கும்.

ஜனவரி 26

என் மனுசன் குணரத்தினம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பனிக்கு இன்று பஸ் ஓடவில்லை. வீட்டில் சும்மா இருந்தவர், என்னைக் கேட்காமலே அவளைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். கணவாய்க் கறியும் புட்டும். மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டாள். தாய் போன வருடம் தவறிவிட்டாவாம்; செத்த வீட்டுக்குப் போக விசா அலுவல் இடம்கொடுக்கவில்லையாம். புட்டைக் கையால் உதிர்த்துக்கொண்டே சொன்னாள். நான் குசினிக்குள் போய்விட்டேன். அடுப்பில் வேலை இருந்தது.

அவள் போனபிறகு இவர் சொல்கிறார், "நல்ல பிள்ளை. முழுக்க உம்மைப் பற்றித்தான் கதைச்சது."

"என்னத்தை?"

"உமக்குத் தெரிஞ்சதிலை காவாசி தனக்குத் தெரியாதாம்."

உங்களிடம் சொல்லத் தெரிகிறது, கூட்டத்தில் சொல்லத் தெரியவில்லையோ என்று கேட்க நினைத்தேன். தட்டைக் கழுவினேன். அவள் தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதுவும் சுத்தமாக.

பெப்ரவரி 2

நாற்பதில் முப்பத்தெட்டு வேர்விட்டது. கணினியில் அவள் பெயரில் பதிவாகியது.

பெப்ரவரி 12

முப்பத்தெட்டும் நான்காம் அறைக்குப் போய்விட்டன. பூக்கவைக்கிற அறை. கஞ்சாச் செடிக்கு இருட்டுத்தான் நாட்காட்டி. பகல் பன்னிரண்டு மணித்தியாலம், இரவு பன்னிரண்டு என்று கொடுத்தால்தான் பூக்க நினைக்கும். அந்த இருட்டு முழு இருட்டாக இருக்கவேண்டும். அவர்களுக்கு மாலை ஐந்து மணிக்கு இரவு தொடங்கும். பக்கத்தில் என் அறையில் பதினெட்டு மணித்தியாலம் விளக்கு எரியும். தாய்ச்செடிகள் பூத்துவிடக் கூடாதே. நடுவில் ஒரு கறுப்புத் திரை. அந்தத் திரை சரியா என்று ஒவ்வொரு மாலையும் பார்த்துக் கையெழுத்து வைப்பது என் பொறுப்பு.

பெப்ரவரி 20

கொம்பனிச் சஞ்சிகை வந்தது. முன்பக்கத்தில் மயூரதி, கையில் பதினேழாம் இலக்கம், பல் தெரியச் சிரிப்பு. அவள் கையிலிருக்கும் தொட்டி என் மேசையிலிருந்து எடுத்தது. படத்தின் ஓரத்தில் நீலக் கையுறை போட்ட ஒரு கை பாதி தெரிகிறது. அது என் கை.

குணம் சஞ்சிகையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்தார். பால் எடுக்கும்போதெல்லாம் அவள் சிரிக்கிறாள். கழற்றிவிட்டேன். எண்ணெய் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

மார்ச் 1

திரையின் அடிப்பக்கம் ஒரு முழம் கிழிந்திருக்கிறது. தள்ளுவண்டி ஏதும் பட்டிருக்கும். அதனூடாக என் அறை வெளிச்சம் நான்காம் அறைக்குள் விழுந்து மூன்றாம் மேசையில் வெள்ளைக் கோடாகக் கிடந்தது. மணி ஐந்தரை, அவர்களுக்கு இருட்டி அரைமணி.

டிர்க் வீட்டுக்குப் போய்விட்டார். மயூரதி ரொறன்ரோவில் ஒரு கருத்தரங்கில், பதினேழைப் பற்றிப் பேச. நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 2

திரை: சரி என்று கையெழுத்து வைத்தேன். பழக்கத்தில் வைத்துவிட்டேன்.

மார்ச் 3

சரி.

மார்ச் 5

மயூரதி வந்துவிட்டாள். கருத்தரங்கில் கைதட்டினார்களாம். எனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வந்தாள், கத்தரிப்பூ நிறம். "உங்களுக்கு இந்த நிறம் வடிவு அன்ரி" என்றாள். அலுமாரிக்குள் வைத்தேன்.

மாலையில் திரையைப் பார்த்தேன். நான்காம் அறைக்குள் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போகிறவள் அவள். கண்ணிருந்தால் பார்க்கட்டும். பகலில் போகிறவளுக்கு இருட்டில் விழும் வெளிச்சம் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

சரி.

மார்ச் 8

மச்சாள் போன் எடுத்தாள். "இன்னும் தக்காளியோ?" "ஓம்." "அலுக்கேல்லையோ?" "இல்லை."

திரை சரி.

மார்ச் 12

நான்காம் அறையில் வாழைப்பழம்.

நாங்கள் வளர்ப்பது பெண்செடிகள் மட்டும். அரண்டுபோன பெண்செடி சிலவேளை தன்னிலேயே ஆண்பூவும் வைத்துவிடும். மஞ்சளாய், குட்டி வாழைப்பழம் போல இருக்கும்; இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அதன் மகரந்தம் பட்டால் பூவெல்லாம் விதை வைத்துவிடும். விதை வைத்த பூவை எவரும் எடுக்கமாட்டார்கள்.

மயூரதி உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஒவ்வொரு பூவாகப் பார்த்துக்கொண்டு போனாள். மத்தியானம் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு என்னிடம் வந்தாள்.

"அன்ரி, உங்கடை பக்கத்துத் திரை சரிதானே?"

"சரி."

"எதுக்கும் கேட்டனான்."

அவள் போனதும் கறுப்பு நாடா எடுத்து, கிழிவின் இரண்டு பக்கமும் ஒட்டினேன். இரண்டு நிமிட வேலை.

மார்ச் 13

நித்திரை இல்லை. குளிர் காரணமாக இருக்கும்.

மார்ச் 16

டிர்க் எல்லோரையும் கூப்பிட்டார். வெப்பம் சரி, ஈரம் சரி, உரம் சரி, இருட்டும் சரி, கையெழுத்து இருக்கிறது. ஆகவே குறை செடியின் இரத்தத்தில்தான். ஒரு காரணமும் இல்லாமல் ஆண்பூ வைக்கும் கலப்பினத்தை வைத்திருக்க முடியாது. நான்காம் அறையை முழுதாக அழிக்கவேண்டும். வெள்ளிக்கிழமை தாய்ச்செடிகளையும். மயூரதியின் ஒப்பந்தம் மே மாதம் முடிகிறது, அதைப் பிறகு பார்ப்போம் என்றார். 'பிறகு' என்று அவர் சொன்ன விதம் அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது.

பதினேழின் தாய்ச்செடிகள் ஆறு. என் அறையில் நிற்கின்றன. வெள்ளிக்கிழமை நான்தான் வெட்டவேண்டும்.

மார்ச் 17

இன்று மயூரதி என் அறைக்கு வந்து, கவிழ்த்துவைத்த வாளியொன்றின் மேல் உட்கார்ந்தாள். நான் தாய்ச்செடிகளின் பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். மூன்று நாளில் வெட்டப்போகிற செடிக்கு ஏன் இலை கிள்ளுகிறேன் என்று அவள் கேட்கவில்லை.

"தகப்பன் செடியிலை இருந்துதான் வந்திருக்கும் அன்ரி. அதைத் தெரிவு செய்தது நான். நீங்கள் எவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்தினியள். நான் கெடுத்துப்போட்டன்."

"உமக்கு எப்பிடித் தெரியும் நான் காப்பாத்தினது?"

"சிவப்பு நாடா கட்டின கண்டு ஒண்டு தட்டிலை குறைஞ்சிருந்தது. ஆர் எடுத்திருப்பினம்? நீங்களாக் கொண்டுவந்து காட்டுமட்டும் நான் கேக்கேல்லை." மூக்கை உறிஞ்சினாள். "அண்டைக்குக் கூட்டத்திலை உங்கடை பேரைச் சொல்லத்தான் நினைச்சனான். பேர் சொன்னால் எழும்பிக் கதைக்கச் சொல்லுவினம், உங்களுக்கு விருப்பமில்லை எண்டு விட்டிட்டன்."

இரண்டு மாதமாக நான் காத்திருந்தது இதற்குத்தான்: அவள் இப்படி என் முன்னால் தலை குனிந்து இருக்கவேண்டும். இருந்தாள். எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. இன்னொரு இலையைக் கிள்ளினேன்.

மார்ச் 18

சாப்பாட்டு மேசையில் குணத்திடம் சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை.

"திரை கிழிஞ்சிருந்தது உமக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எத்தினை நாளா?"

"கிழிச்சதே நான்தான். வண்டிச் சில்லு மாட்டிக் கிழிஞ்சது. தெரியாமல் நடந்தது. அது உண்மை."

"பிறகு?"

"பிறகு தெரிஞ்சுதான்."

இதை நான் இந்தக் கொப்பியில்கூட எழுதியிருக்கவில்லை.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தார். "அந்தப் பிள்ளையிலை உமக்கு என்ன கோவம்?"

"கோவமில்லை."

"அப்ப எரிச்சல்."

நான் தட்டுகளை அடுக்கினேன்.

"எரிச்சல் வாறது மனுசருக்கு இயல்பு," என்றார். "என்ரை பஸ்ஸை வேறை ஆளுக்குக் குடுத்தால் எனக்கும் வரும். அதுக்காக நான் பிரேக்கைக் கழட்டிவிடமாட்டன்."

முப்பது வருடத்தில் இவர் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

மார்ச் 19

காலையில் வேலை தொடங்குமுன் மயூரதியை என் அறைக்குக் கூப்பிட்டேன். திரைக்குப் பக்கத்தில் குந்தி, நாடாவைக் காட்டினேன்.

"இது கிழிஞ்சு கிடந்தது. பதினொரு நாள். எனக்குத் தெரியும்."

அவள் நாடாவைத் தொட்டுப் பார்த்தாள். "நான் கேட்டனான் அன்ரி."

"ஓம்."

"சரி எண்டு சொன்னியள்."

"ஓம்."

"ஏன்?"

"சஞ்சிகையிலை உம்மடை படம் வந்தது," என்றேன். ஐம்பத்தொரு வயதுக்காரி சொல்லக்கூடிய மறுமொழியா அது?

அவள் எழும்பி வெளியே போனாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். கால் மணித்தியாலத்தில் அளவுநாடாவும் கொப்பியுமாகத் திரும்பி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் ஒட்டிய நாடாவைப் பிய்த்தாள். இரண்டு அறை விளக்குகளையும் மாற்றி மாற்றிப் போட்டு, வெளிச்சம் எந்த மேசையில் எங்கே விழுகிறது என்று அளந்தாள். வாழைப்பழம் வைத்த செடிகள் பதினொன்று. பதினொன்றும் அந்தக் கோட்டுக்குள். கோட்டுக்கு வெளியே நின்ற இருபத்தேழில் ஒன்றுகூட இல்லை. யாரும் இவ்வளவு வடிவாகப் பரிசோதனை செய்து பார்த்திருக்க முடியாது.

"செடியிலை பிழையில்லை," என்றாள், கொப்பியைப் பார்த்து.

மார்ச் 20

வெள்ளிக்கிழமை. தாய்ச்செடிகளை வெட்டவில்லை. அவள் எழுதிய அறிக்கையை டிர்க் ஏற்றுக்கொண்டார். நான்காம் அறைச் செடிகள் போகும், மகரந்தம் பரவியிருக்கும். ஆனால் புதிதாக நாற்பது தண்டு வெட்டி, புதுத் திரை போட்டு, பதினேழை இன்னொரு தரம் சோதிக்கலாம்.

அறிக்கையைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அகராதி வைத்து வாசித்தேன். 'திரையில் கிழிவு ஒன்று காணப்பட்டது. மூடப்பட்டது.' யார் கண்டார்கள், எப்போது கண்டார்கள், ஒன்றும் இல்லை. என் பெயரை ஒரு இடத்திலும் எழுதவில்லை.

என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். வழி முழுக்க நெஞ்சு எரிந்தது. நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

மார்ச் 23

டிர்க்கின் கதவைத் தட்டினேன். என் இங்கிலிசில் சொன்னேன். திரையைக் கிழித்தது நான். தெரிந்தும் சரி என்று கையெழுத்து வைத்தேன், பதினொரு தரம். மயூரதி கேட்டபோதும் பொய் சொன்னேன். இலக்கணம் எங்கே உடைந்ததோ தெரியாது. அவருக்கு நன்றாக விளங்கியது. எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். அதைப் பதினேழாம் இலக்கத்தின் கோப்புக்குள் வைத்தார்.

அந்தக் கோப்பில் என் பெயர் வரவேண்டும் என்று ஜனவரியிலிருந்து ஆசைப்பட்டேன். வந்துவிட்டது.

வேலையை விட்டு நிறுத்தவில்லை. இருபது வருடத்துக்குக் கிட்ட இங்கே உழைத்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தாய்ச்செடி அறைக்குள் இனி நான் போகக்கூடாது. பூவிலிருந்து இலை கத்தரிக்கிற அறையில் போட்டிருக்கிறார்கள்.

மாலையில் கார் நிறுத்துமிடத்தில் மயூரதி ஓடிவந்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஏன் போய்ச் சொன்னனீங்கள்? நான் பேர் போடாமல்தானே எழுதினனான்?"

"எனக்காக நீர் பொய் எழுதத் தேவையில்லை."

"அது பொய்யில்லை! உங்களை அந்த அறையை விட்டு எடுத்துப்போடுவினம் எண்டுதான்… என்னட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாம்."

"உம்மட்டை எல்லாத்தையும் கேட்டுத்தான் செய்யவேணுமோ?"

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் ஒரு அடி பின்னுக்குப் போனாள். "இல்லை," என்றாள். "இனி ஒண்டும் கேக்கத் தேவையில்லை."

ஏப்ரல் 10

கத்தரிக்கோல் பிசின் பிடித்து ஒட்டுகிறது. ஒவ்வொரு அரைமணிக்கும் எண்ணெய் போட்டுத் துடைக்கவேண்டும். என் அறையை மெக்சிக்கோப் பெண் ரொசாலியாவிடம் கொடுத்திருக்கிறார்கள்.

மே 22

மயூரதிக்கு நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. குணம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்குப் போனில் சொன்னாளாம்.

ஜூன் 24

பதினேழு தேறிவிட்டது. இரண்டாவது தரம் ஒரு வாழைப்பழம்கூட இல்லை. ஒன்பதாம் கிழமை வெட்டி, காயவைத்து, இன்று எங்கள் மேசைக்கு வந்தது. நெருக்கமான பூ, ஓரங்களில் ஊதா ஏறியிருக்கிறது, மேலே உப்புத் தூவினாற்போலப் பிசின்மணிகள். பக்கத்தில் இருப்பவர்கள் முகர்ந்து பார்த்துத் தோடம்பழம் என்றார்கள். நான் முகக்கவசத்தைக் கழற்றவில்லை. கண் கலங்கியிருந்தது, பிசின் காரம்.

மயூரதி வழியில் கண்டால் தலையசைப்பாள். 'அன்ரி' என்பதில்லை. 'மிஸிஸ் குணரத்தினம்' என்கிறாள்.

மதியம் அவளும் ரொசாலியாவும் யன்னலோரம் ஒரே பெட்டியிலிருந்து சாப்பிட்டார்கள். ரொசாலியாவுக்கு இங்கிலிசும் அரைகுறை, தமிழ் அறவே இல்லை. எப்படித்தான் கதைக்கிறார்களோ, விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ரொசாலியா தன் சோள ரொட்டியைப் பிய்த்து அவள் கையில் கொடுத்தாள். மயூரதி அதற்குள் எதையோ உருட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். நான் என் சோற்றுப்பெட்டியை மூடிவிட்டேன்.

ஜூன் 26

குணத்திடம் சொன்னேன், "ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுங்கோவன்."

"நீரே கூப்பிடும்," என்றார்.

மத்தியானம் அவர்களின் மேசைக்குப் போனேன். ரொசாலியா சிரித்தாள். மயூரதி சிரிக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை வீட்டை சாப்பிட வாறீரோ, பிள்ளை? நண்டு வாங்கப்போறன்."

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு ரொசாலியாவைக் காட்டினாள்.

"இவவையும் கூட்டிக்கொண்டு வரலாமோ?"

ஓம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.